வென்யூ: அர்த்தம், யூசேஜ், அடிக்கடி வர்ற தப்புகள் – முழுமையான வழிகாட்டி

இன்விடேஷன், ஆபீஸ் மெயில், காலேஜ் சர்க்குலர், மியூசிக் ஷோ டிக்கெட்னு எதை எடுத்தாலும் டேட், டைம், வென்யூ அப்டின்னு மூணு வரி கண்டிப்பா இருக்கும். முதல் ரெண்டுலயும் யாரும் தடுமாற மாட்டாங்க. மூணாவது வார்த்தையை ஒரு லேபிளா போடுறது சுலபம், ஆனா அதையே ஒரு முழு வாக்கியத்துக்குள்ள வச்சு எழுதும்போது தான் நிறைய பேருக்கு எங்கயோ இடிக்குது, அட் போடணுமா இன் போடணுமா, பிளேஸ்னே எழுதிடலாமா, ஹால் வேற வென்யூ வேறயான்னு வரிசையா டவுட் வந்துடும். இந்த ஒரு வார்த்தையை அடி முதல் நுனி வரைக்கும் பாத்துடலாம், பொறுமையா படிங்க.

ஸ்டெப் 1: முதல்ல அர்த்தத்தை சரியா பிடிங்க

வென்யூன்னா ஏற்பாடு பண்ணின ஒரு நிகழ்ச்சிக்காக ஆளுங்க வந்து கூடுற இடம். இதுல நிகழ்ச்சிங்கிறது ரொம்ப முக்கியம். ஒரு பார்க்குல நீங்க சாயங்காலம் நடக்குறீங்க, அப்போ அது வெறும் பார்க் தான், வென்யூ இல்ல. அதே பார்க்குல ஞாயித்துக்கிழமை ஒரு கச்சேரி வச்சா அந்தக் கச்சேரிக்கு பார்க் வென்யூ ஆயிடுது, கச்சேரி முடிஞ்சு மேடையைப் பிரிச்சதும் திரும்ப அது பார்க். அதாவது வென்யூங்கிறது ஒரு கட்டட வகையோட பேரு கிடையாது, ஒரு நிகழ்ச்சி ஒரு இடத்துக்குக் குடுக்கிற வேலை. இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிட்டீங்கன்னா கீழ வரப்போற பாதி ரூல் தன்னால விளங்கிடும்.

லண்டன்ல ராயல் ஆல்பர்ட் ஹால்னு ஒண்ணு இருக்கு, 1871ல திறந்தது, இசை நிகழ்ச்சிகளுக்குப் பேர் போனது. 1991ல அங்க ஜப்பான் சுமோ மல்யுத்தப் போட்டி நடந்துச்சு. ஹால் அதே ஹால் தான், பேரும் மாறல, ஆனா ஒரு நாள் கச்சேரிக்கு வென்யூ, இன்னொரு நாள் மல்யுத்தத்துக்கு வென்யூ. ஹால்ங்கிறது நிரந்தரமான பேரு, வென்யூங்கிறது அன்னைக்கு அது செய்யிற வேலை.

இந்த வார்த்தையோட வேர் பழைய பிரெஞ்சுல இருந்து வருது, அதுக்கும் பின்னாடி லத்தீன்ல வெனிரேன்னா வர்றதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல இப்போ நாம யூஸ் பண்ற இந்த அர்த்தம் ரொம்பப் பழசு இல்ல, அதுக்கு முன்னாடியே கோர்ட் சமாச்சாரத்துல ஒரு வழக்கை எங்க விசாரிக்கிறதுங்கிற அர்த்தத்துல இந்த வார்த்தை புழங்கிட்டு இருந்துச்சு. போட்டி, கச்சேரி, விழா நடக்கிற இடம்ங்கிற அர்த்தம் அதுக்கு அப்புறம் பரவினது. சட்டத்துல அந்தப் பழைய அர்த்தம் இன்னைக்கும் உயிரோட தான் இருக்கு, அதைப் பின்னாடி பாப்போம்.

ஸ்டெப் 2: உச்சரிப்பும் ஸ்பெல்லிங்கும்

வி, இ, என், யூ, இ. சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில, வென்-யூ. வெனு, வீன்யூன்னு சொல்றது தப்பு. பன்மைக்கு கடைசில ஒரு எஸ் சேத்தா போதும், வென்யூஸ். இதுல கஷ்டமான எதுவும் இல்ல.

குழப்பம் வர்றது அவென்யூவால தான். முன்னாடி ஒரு ஏ சேந்தா அவென்யூ, ரெண்டு பக்கமும் மரம் வச்ச அகலமான தெரு, அதுல இருந்து விரிஞ்சு ஒரு காரியத்தை முடிக்கிறதுக்கான வழி. இதுவும் அதே வெனிரே வேர்ல இருந்து வந்தது தான், வருமானத்துக்குச் சொல்ற ரெவென்யூவும் அப்டித்தான், திரும்பி வர்றதுன்னு அர்த்தம். மூணும் ஒரே குடும்பம்ங்கிறதால கை தவறி மாத்தி எழுதிடறாங்க. வளர்ச்சிக்கான புது வழிகள்னு சொல்ல வரும்போது நியூ அவென்யூஸ் ஃபார் குரோத்னு எழுதணும். அங்க வென்யூஸ்னு எழுதினா வளர்ச்சி நடக்கிற மண்டபங்கள்ங்கிற மாதிரி ஆயிடும். எழுதிட்டு ஒரு செகண்ட் கேட்டுப் பாருங்க: நான் சொல்றது வழியா, இடமா? வழின்னா ஏ சேருங்க.

ஸ்டெப் 3: நடக்கிறது நிகழ்ச்சி தான், வென்யூ நடக்காது

இந்த வழிகாட்டில ஒரே ஒரு ஸ்டெப் தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க, ஏன்னா நான் பாத்த வரைக்கும் அதிகமா வர்ற தப்பு இது தான். தி வென்யூ வில் பி ஹெல்ட் அட் தி மெயின் ஹால்னு எழுதுறாங்க. ஹெல்ட்னா நடத்தப்படும்னு அர்த்தம். மீட்டிங் நடத்தப்படும், போட்டி நடத்தப்படும், பரிசளிப்பு விழா நடத்தப்படும், இடம் எப்டி நடத்தப்படும்? தமிழ்ல மண்டபம் நடைபெறும்னு சொன்னா எப்டி இருக்குமோ இங்கிலீஷ் காதுக்கு அது அப்டித்தான் கேக்கும்.

சரியா எழுத ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நிகழ்ச்சியை எழுவாயா வைங்க: தி மீட்டிங் வில் பி ஹெல்ட் அட் தி மெயின் ஹால். இன்னொண்ணு, வென்யூவை எழுவாயா வச்சா கூட இஸ் மட்டும் போடுங்க: தி வென்யூ இஸ் தி மெயின் ஹால். இதுல அட் வரலைங்கிறதை கவனிச்சீங்களா, ஏன்னா மெயின் ஹால் தான் வென்யூ, ரெண்டும் ஒண்ணு, அதனால இது தான் அதுன்னு நேரா சொல்றோம். வென்யூ எந்த ஏரியால இருக்குன்னு சொல்லும்போது மட்டும் நியர், ஆன், இன் எல்லாம் வரும், தி வென்யூ இஸ் நியர் தி ஸ்டேஷன்ங்கிற மாதிரி.

இதே ஜாதில இன்னொரு தப்பு, வென்யூ பிளேஸ்னு சேத்து எழுதுறது. வென்யூவுக்குள்ளயே இடம் இருக்கு, திரும்ப பிளேஸ் வேண்டாம். அப்புறம் இது பெயர்ச்சொல் மட்டும் தான், வினையா வராது, அதனால தி ஈவென்ட் இஸ் வென்யூட் அட்னு எழுதாதீங்க, ஹெல்ட் அட் அல்லது டேக்கிங் பிளேஸ் அட்னு எழுதுங்க.

ஸ்டெப் 4: அட், இன், ஃபார், ஆஃப்

பொதுவா அட் தி வென்யூ தான். வி வில் மீட் யூ அட் தி வென்யூ. ஒரு நிகழ்ச்சி நடக்கிற புள்ளியா அந்த இடத்தை நினைக்கும்போது அட். கட்டடத்தோட உள்பக்கம்னு குறிப்பா சொல்லணும்னா இன்சைட் தி வென்யூ போடலாம், உள்ள கேமரா அனுமதி இல்லங்கிற மாதிரி அறிவிப்புக்கு அது சரியா பொருந்தும். ஒரு டோர்னமென்ட் பல இடத்துல நடக்குதுன்னா அட் த்ரீ வென்யூஸ், இல்லன்னா அக்ராஸ் த்ரீ வென்யூஸ், ரெண்டுமே நல்லா இருக்கும்.

எந்த நிகழ்ச்சிக்குன்னு சொல்ல ஃபார்: தி வென்யூ ஃபார் தி ஃபைனல். ஆஃப் போட்டாலும் தப்பில்ல, ஆனா இனிமே நடக்கப்போற நிகழ்ச்சிக்கு ஃபார் தான் இயல்பா இருக்கும். தேர்ந்தெடுத்ததைச் சொல்லும்போது சோசன் அஸ் தி வென்யூ.

போய்ச் சேர்றதைச் சொல்லும்போது நம்ம ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம் இருக்கு, ரீச் டு தி வென்யூ, ரீச் அட் தி வென்யூன்னு எழுதுறது. தமிழ்ல அரங்கத்துக்கு வந்து சேரவும்னு கு உருபு வருதுல்ல, அந்த ஞாபகத்துல டு ஒட்டிக்குது. ரீச்சுக்கு அப்புறம் எதுவுமே வேண்டாம்: ப்ளீஸ் ரீச் தி வென்யூ பை நைன். அரைவ் போட்டா மட்டும் அட் வேணும்: ப்ளீஸ் அரைவ் அட் தி வென்யூ பை நைன்.

அப்புறம் அந்த தி. லேபிளா போடும்போது வென்யூன்னு போட்டு ஒரு கோலன் வச்சா போதும், தி தேவையில்ல. வாக்கியத்துக்குள்ள வந்துட்டா எ, தி, அவர் இப்டி ஏதாவது ஒண்ணு முன்னாடி இருக்கணும். இன்னும் முடிவு பண்ணல, தேடிக்கிட்டு இருக்கோம்னா எ வென்யூ. முடிவாயிடுச்சு, ரெண்டு பேருக்கும் எதுன்னு தெரியும்னா தி வென்யூ.

ஸ்டெப் 5: கூட வர்ற வார்த்தைகள்

ஒரு வார்த்தை தெரிஞ்சா மட்டும் பத்தாது, அது எந்த வினையோட சேந்து வரும்னு தெரிஞ்சா தான் எழுத்து சரளமா வரும். வென்யூவைத் தேடுறதுக்கு ஃபைண்ட், லுக் ஃபார். போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு விசிட். முன்பதிவு பண்றதுக்கு புக். வாடகைக்கு எடுக்கிறதுக்கு பிரிட்டிஷ் வழக்கத்துல ஹையர், அமெரிக்கன் வழக்கத்துல ரென்ட். ரொம்ப டிமாண்ட் உள்ள இடத்தை அலைஞ்சு உறுதி பண்ணிட்டோம்னா செக்யூர்.

கொள்ளளவைச் சொல்றதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தி வென்யூ சீட்ஸ் ஃபைவ் ஹண்ட்ரட்னா 500 பேர் உக்காரலாம், நாற்காலிக் கணக்கு. ஹோல்ட்ஸ்னா 500 பேர் கொள்ளும், நிக்கிறவங்களையும் சேத்து. நின்னுக்கிட்டே பாக்குற மியூசிக் ஷோவுக்கு சீட்ஸ்னு போட்டுட்டா வர்றவங்க நாற்காலி எங்கன்னு கேப்பாங்க, அதனால புக் பண்ணும்போதும் இந்த ரெண்டுல எதைச் சொல்றாங்கன்னு கேட்டு வாங்கிக்கோங்க.

இடம் இன்னும் முடிவாகலைன்னா மூணு சுருக்கம் இருக்கு. டிபிடி, முடிவே எடுக்கல. டிபிசி, ஏறக்குறைய முடிவாயிடுச்சு ஆனா உறுதி பண்ணணும். டிபிஏ, பின்னாடி அறிவிப்போம். மூணையும் ஒண்ணா நினைச்சு போடுறவங்க அதிகம், ஆனா படிக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் உதவும், டிபிசின்னு பாத்தா ஒருத்தர் ஓரளவு நம்பி பிளான் பண்ணலாம், டிபிடின்னா காத்திருக்கணும்.

ஆன்லைன் மீட்டிங்குக்கு வென்யூ: ஜூம்னு போடலாமான்னு கேக்குறாங்க. நண்பர்களுக்குள்ள பரவால்ல. ஃபார்மல் நோட்டீஸ்னா பிளாட்ஃபார்ம் அல்லது மோட்னு போட்டு லிங்க் குடுக்கிறது தான் தெளிவு, ஏன்னா வென்யூன்னு பாத்ததும் நேர்ல போகணுமோன்னு தான் முதல்ல தோணும்.

ஸ்டெப் 6: பக்கத்து வீட்டு வார்த்தைகளைப் பிரிச்சுப் பாருங்க

பிளேஸ் எல்லாத்துக்கும் பொது, எந்த இடமும் பிளேஸ். லொகேஷன்னா அந்த இடம் வரைபடத்துல எங்க இருக்குங்கிறது. அதனால குட் வென்யூ, பேட் லொகேஷன்னு ஒரே மண்டபத்தைப் பத்தியே சொல்லலாம், ஹால் அருமையா இருக்கு ஆனா பஸ் போகாத மூலையில இருக்குன்னு அர்த்தம். அட்ரஸ்னா கதவு எண், தெரு. சைட்னா நிலம், ஏதாவது கட்டின, கட்டப்போற, தோண்டின இடம். ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கு லொகேஷன்னு தான் சொல்வாங்க, வென்யூன்னு சொல்ல மாட்டாங்க, ஏன்னா அங்க பார்வையாளர்னு யாரையும் கூப்பிடுறது இல்ல.

ஊரும் வென்யூவும் ஒண்ணு இல்லங்கிறதுக்கு ஒலிம்பிக்ஸை விட நல்ல உதாரணம் கிடையாது. நகரத்தை ஹோஸ்ட் சிட்டின்னு சொல்வாங்க, ஒவ்வொரு போட்டியும் நடக்கிற இடம் தான் வென்யூ. 2024ல ஹோஸ்ட் சிட்டி பாரிஸ், ஆனா அலைச்சறுக்குப் போட்டிக்கு வென்யூ பசிபிக் பெருங்கடல்ல இருக்கிற தஹிதி தீவு. 1956ல மெல்போர்ன் தான் ஹோஸ்ட், ஆனா ஆஸ்திரேலியாவோட கால்நடை குவாரன்டைன் விதிகள் கடுமையா இருந்ததால குதிரையேற்றப் போட்டிகளை ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல வச்சாங்க. டோக்கியோ 2020க்கு மாரத்தான் ஓட்டத்தையும் நடைப் போட்டிகளையும் வெயிலுக்கு பயந்து வடக்க இருக்கிற சப்போரோவுக்கு மாத்தினாங்க. மூணுலயும் ஹோஸ்ட் சிட்டி அப்படியே இருக்கு, குறிப்பிட்ட போட்டிகளோட வென்யூ மட்டும் வேற. அதனால ஊர் பேரை மட்டும் போட்டுட்டு வென்யூ குடுத்தாச்சுன்னு நினைக்காதீங்க, படிக்கிறவர் நேரா வந்து நிக்கிற வாசல் எதுவோ அதைப் போடுங்க.

அடுத்து கட்டட வகைகள். இதெல்லாம் வென்யூவா ஆகக்கூடியவை, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு உருவம் இருக்கு. ஆடிட்டோரியம் வரிசையா இருக்கை போட்டு ஒரு மேடையைப் பாத்து உக்கார்ற அரங்கம், லத்தீன்ல கேக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது. தியேட்டர் கிரேக்கத்துல பாக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது, நம்ம பேச்சுல தியேட்டர்னா சினிமா கொட்டகை தான் ஆனா இங்கிலீஷ்ல தனியா சொன்னா பெரும்பாலும் நாடக அரங்கம். ஸ்டேடியம் பெரிய விளையாட்டு மைதானம், சுத்தி படிப்படியா இருக்கை, பெரும்பாலும் மேல திறந்து இருக்கும். ஸ்டேடியான்ங்கிறது பழைய கிரேக்கத்துல ஒரு நீள அளவு, ஒலிம்பியால இருந்த ஓட்டப் பாதை ஏறக்குறைய 192 மீட்டர், அந்த அளவோட பேரு தான் மைதானத்துக்கு ஒட்டிக்கிச்சு.

அரீனா கதை இன்னும் நல்லா இருக்கும். லத்தீன்ல அந்த வார்த்தைக்கு மணல்னு அர்த்தம். ரோம்ல சண்டை நடக்கிற தரையில ரத்தத்தை உறிஞ்ச மணல் கொட்டுவாங்க, மணல் கொட்டின தரைக்கு அந்தப் பேரு வந்து, அப்புறம் மொத்த கட்டடத்துக்கும் ஆயிடுச்சு. கொலோசியம் கி.பி. 80ல திறந்தது, அதோட நடுத்தரை ஒரு நீள்வட்டம். இன்னைக்கு அரீனான்னா பெரும்பாலும் கூரை போட்ட, நடுவுல களமும் சுத்தி இருக்கையும் உள்ள பெரிய அரங்கம். பேரை மட்டும் பாத்து ஏமாறக்கூடாது, நியூயார்க்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்னு இருக்கே அது தோட்டம் இல்ல, 1968ல திறந்த உள்ளரங்கம், அதாவது அரீனா.

உருவகமா எழுதும்போதும் இந்த வித்தியாசம் உதவும். மோதல், போட்டி நடக்கிற களம்னா அரீனா, பொலிட்டிகல் அரீனாங்கிற மாதிரி. கருத்து பேசுற இடம்னா ஃபோரம். வென்யூவை இப்டி உருவகமா நீட்டுறதை நான் தவிர்ப்பேன், நிஜமான ஒரு இடம் இருந்தா மட்டும் வென்யூ.

ஸ்டெப் 7: ஒரு நோட்டீஸை எடுத்து திருத்திப் பாக்கலாம்

ஒரு ஆபீஸ்ல அனுப்புற மாதிரி ஒரு மெயில் வச்சுக்கோங்க: டியர் ஆல், தி ஆனுவல் மீட் வென்யூ வில் பி கண்டக்டட் இன் மெயின் பில்டிங், ஆல் ஷுட் ரீச் டு வென்யூ பிளேஸ் ஷார்ப்லி, எனி சேஞ்ச் வில் பி இன்டிமேட்டட். படிச்சா ஒரு மாதிரி புரியும், ஆனா போக முடியாது. மெயின் பில்டிங்ல எந்த மாடி, எந்த ஹால்? ஷார்ப்லின்னா எத்தனை மணிக்கு?

முதல்ல நடக்கிறது எதுன்னு பிரிங்க, நடக்கிறது ஆனுவல் மீட். அதனால தி ஆனுவல் மீட் வில் பி ஹெல்ட் அட் தி கான்ஃபரன்ஸ் ஹால், தேர்ட் ஃப்ளோர், மெயின் பில்டிங். சின்னதுல இருந்து பெருசுக்கு, ஹால், மாடி, கட்டடம்னு போங்க, அது தான் அட்ரஸ் எழுதுற வரிசையும். அடுத்து ப்ளீஸ் ரீச் தி வென்யூ பை டென் ஏஎம், டு இல்ல, பிளேஸ் இல்ல, நேரம் இருக்கு. கடைசில இஃப் தி வென்யூ சேஞ்சஸ், வி வில் லெட் யூ நோ. எது மாறும்னு சொல்லாம எனி சேஞ்ச்னு விட்டா தேதியா இடமான்னு சந்தேகம் நிக்கும்.

நிகழ்ச்சி ரெண்டு இடத்துல நடந்தா, காலைல ஒரு ஹால் சாயங்காலம் இன்னொரு ஹால்னா, வென்யூன்னு ஒரே தலைப்புல ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழ அதோட நேரம், அதோட வென்யூன்னு தனித்தனியா குடுங்க. வென்யூங்கிறது எப்பவும் ஒரு நிகழ்ச்சியோட ஒட்டிக்கிட்டு தான் இருக்கும், பேப்பர்லயும் அதை அப்டியே வைங்க.

ஸ்டெப் 8: கோர்ட், பங்குச்சந்தை, ஆராய்ச்சி

சேஞ்ச் ஆஃப் வென்யூன்னு நியூஸ்ல படிச்சா உடனே கல்யாண மண்டபம் மாறிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க. அமெரிக்கச் சட்டத்துல அது ஒரு வழக்கை வேற ஊர் கோர்ட்டுக்கு மாத்துறது. குற்றம் நடந்த பகுதியில தான் விசாரிக்கணும்ங்கிறது பொது விதி, ஆனா அந்த ஊர்ல எல்லாரும் ஏற்கனவே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க, நடுநிலையான ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு, கிடைக்காதுன்னு தெரிஞ்சா மாத்தச் சொல்லி கேக்கலாம். 1995 ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு வழக்கு இதுக்குப் பெரிய உதாரணம், 1996ல அதை கொலராடோ மாநிலத்துல இருக்கிற டென்வருக்கு மாத்தினாங்க, 1997ல விசாரணை அங்க தான் நடந்துச்சு. இதுல ஜூரிஸ்டிக்‌ஷனோட குழப்பிக்கக்கூடாது, இந்த வழக்கை விசாரிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்காங்கிறது ஜூரிஸ்டிக்‌ஷன், அதிகாரம் உள்ள கோர்ட்டுகள்ல எந்த ஊர்ல வச்சு விசாரிக்கிறதுங்கிறது வென்யூ.

ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதிலா நடுவரை வச்சு தகராறைத் தீர்க்கிற ஒப்பந்தத்துல, இதே வார்த்தை இன்னும் கவனமா பாக்கவேண்டியது. அங்க சீட் வேற, வென்யூ வேற. சீட்னா எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழ, எந்த கோர்ட் மேற்பார்வையில அந்த நடுவர் விசாரணை நடக்குதுங்கிறது. வென்யூன்னா எல்லாரும் வந்து உக்காந்து பேசுற அறை இருக்கிற ஊர், வசதிக்காக மாத்திக்கலாம். ஒப்பந்தத்துல வெறும் வென்யூன்னு ஒரு ஊர் பேரை எழுதிட்டு சீட் என்னன்னு சொல்லாம விட்டா, பின்னாடி அந்த ஊர் சீட்டா வெறும் வென்யூவான்னு ஒரு தனி வழக்கே நடக்கும், நடந்தும் இருக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தையும் தனித்தனியா இருக்கான்னு பாத்துக்கோங்க.

நிதித்துறைல டிரேடிங் வென்யூன்னா பங்குகளையும் மத்த முதலீடுகளையும் வாங்கி விக்கிற சந்தை அமைப்பு, ஐரோப்பிய யூனியன்ல 2018 ஜனவரில அமலுக்கு வந்த விதிகள்ல இது ஒரு அதிகாரபூர்வ சொல். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சில வென்யூன்னா பேப்பர் வெளியாகுற கான்ஃபரன்ஸ் அல்லது ஜர்னல், விச் வென்யூன்னு உங்க கைடு கேட்டா ஹால் பேரைக் கேக்கல.

ஸ்டெப் 9: தமிழ்ல எழுதும்போது

பத்திரிகைல, நோட்டீஸ்ல இடம்னு ஒரே வார்த்தை போட்டா போதும், நாள், நேரம், இடம்னு எல்லாருக்கும் பழகின வரிசை தானே. கொஞ்சம் ஃபார்மலா வேணும்னா நிகழ்விடம் நல்ல சொல், ரெண்டு வார்த்தை சேந்தாலும் சொல்ல சுலபமா இருக்கு. அரங்கம்னு எல்லா இடத்துலயும் மாத்தாதீங்க, வென்யூ ஒரு கடற்கரையாவோ திடலாவோ இருந்தா அரங்கம் பொய்யாயிடும். விளையாட்டுச் செய்திக்கு போட்டி நடைபெறும் மைதானம்னு விரிச்சு எழுதுறது நல்லா இருக்கு. கோர்ட் செய்தில சேஞ்ச் ஆஃப் வென்யூன்னு வந்தா இட மாற்றம்னு மட்டும் எழுதிடாதீங்க, கோர்ட் கட்டடம் மாறிடுச்சுன்னு படிக்கிறவங்க நினைச்சுடுவாங்க, வழக்கு விசாரணை வேறு ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றம்னு முழுசா எழுதுங்க.